காரைக்குடியில் ஃபிளாப்பி டிரைவ் பழுதுபார்ப்பு

அப்பாவின் கடைக் கணக்குகள் அடங்கிய, 1.44 எம்பி கொள்ளளவுள்ள மூன்றரை அங்குல ஃபிளாப்பிகளை (பழைய கணினிச் சேமிப்பு வட்டுகளை) படிக்க மறுத்த டிரைவை, காரைக்குடியிலுள்ள ஒரு சிறிய பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்றேன். டிரைவின் விளக்கு அணையாமல் எரிவதைக் கண்டதுமே, அதைக் கணினியுடன் இணைக்கும் 34 பின் கேபிள் தலைகீழாகச் செருகப்பட்டிருப்பதைக் கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அது என் கைவேலைதான். அதன்பின், வட்டைப் படிக்கும் மேல் ஹெட்டை அதிகம் தூக்காமல், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் துடைத்தபோது, நுனியில் பழுப்புத் துகள் ஒட்டி வந்தது. இரண்டாம் கட்டு அறையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்த ஃபிளாப்பியை அப்படியே செருகியதால், அதன் காந்தப் பூச்சு உரிந்து ஹெட்டில் படிந்திருக்கிறது. பழைய ஃபிளாப்பியைச் செருகுமுன் அதன் மூடியான ஷட்டரை நகர்த்திப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்கவும், தவறி எதுவும் பதிவாகாதபடி எழுத்துத்தடைத் துளையைத் திறந்து வைக்கவும் சொல்லிக்கொடுத்தார். வேலை சுத்தம், கூலியும் நியாயம். ஆனால், சொன்ன நாளில் தராமல் மூன்று முறை அலையவிட்டார்.