நீர்க்குட்டையோரம் காத்திருப்பதா, பதுங்கிப் போவதா? ஆப்பிரிக்க வில் வேட்டையில் தூரக் கணக்கு

நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவிலும் வில்லோடு வேட்டைக்குப் போகிறவர்களுக்கு முக்கியமாக இரண்டு வழிகள். நீர்க்குட்டைக்கு அருகே மறைவிடத்தில் காத்திருப்பது ஒன்று, புதர்க்காட்டில் பதுங்கிப் பதுங்கி நெருங்குவது இன்னொன்று. முதல் வழியில் பெரும்பாலும் 15 முதல் 25 மீட்டருக்குள் எய்யலாம். இரண்டாவதில் 40 மீட்டருக்குள் போய்ச் சேர்வதே பெரும்பாடு.

40 மீட்டர் ஒரு தூரமா என்று தோன்றும். பயிற்சிப் பலகைக்கு அது சரி. இம்பாலா மான் அப்படி நின்று கொடுக்காது. கப்பிகள் பொருத்திய நவீன காம்பவுண்டு வில்லின் அம்பு நொடிக்குச் சுமார் 80 மீட்டர் போகிறது, நாண் அதிரும் ஓசை 340 மீட்டர் போகிறது. அதாவது 20 மீட்டரைக் கடக்க அம்புக்குக் கால் நொடி, 40 மீட்டருக்கு அரை நொடி. ஓசை கேட்டதும் இம்பாலா துள்ளுவதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேலே பறந்துவிட்டால் நல்லது. முதுகில் தைத்தால், காயத்தோடு அது புதருக்குள் போய் மணிக்கணக்கில் துடிக்கும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்: இம்பாலாவுக்கு 25 மீட்டரைத் தாண்டி எய்யக் கூடாது.

மறைவிடத்தைச் சோம்பேறி வேட்டை என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆப்பிரிக்க மான் இனங்களுக்கு இதயம் தோளுக்குப் பின்னால் தள்ளி இருக்காது. முன்னங்காலுக்கு நேர் மேலே, உடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும். கூடு (kudu) என்ற பெரிய மான் தண்ணீர் குடித்து நிமிர்ந்து, பக்கவாட்டில் திரும்பி, அந்த இடத்தைக் காட்டும்வரை பொறுத்திருக்க மறைவிடத்தில்தான் முடியும். மழை வந்தால் மட்டும் இந்த வழி படுத்துவிடும், எல்லாப் பள்ளத்திலும் தண்ணீர் நிற்குமே. ஜூன் முதல் செப்டம்பர் வரையான வறட்சிதான் இதற்குக் காலம்.

கலஹாரி பாலைவனத்தின் பழங்குடிகளான சான் மக்கள் வேறு விதமாகக் கணக்குப் போட்டார்கள். அவர்களுடைய வில் சிறியது, வேகம் குறைவு. அதனால் மிக நெருக்கமாகத் தவழ்ந்து போனார்கள். மீதியை, வண்டுப் புழுவிலிருந்து எடுத்து முனைக்குப் பின்னால் தடவிய நஞ்சு பார்த்துக்கொண்டது. அப்புறம் தடம் பார்த்து நடை, பெரிய விலங்கென்றால் ஒரு நாளுக்கு மேலும்.

நடந்துதான் போவேன் என்பவர் வார்ட்ஹாக் பன்றியில் தொடங்கலாம். அதற்குக் கண்பார்வை மந்தம், முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டு மேயும்போது 25 மீட்டர் வரை நெருங்க விடும். கையில் கொஞ்சம் சாம்பல் வைத்துக்கொண்டு அடிக்கடி தூவிக் காற்றைப் பாருங்கள். காற்று உங்கள் முதுகில் பட்டால் பின்வாங்கி, சுற்றிக்கொண்டு வாருங்கள்.