தனக்கென்று ஓர் இடம்: வகுப்பில் அலச எந்தப் படம்?

2003 ஆஸ்கரில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான போட்டியில் 'லிலோ அண்ட் ஸ்டிட்ச்', 'ஸ்பிரிட்டட் அவே' இரண்டுமே இருந்தன. வென்றது ஹயாவோ மியாசாகியின் ஜப்பானியப் படமான 'ஸ்பிரிட்டட் அவே'. 'தனக்கென்று ஓர் இடம்' என்ற கருப்பொருளைப் பள்ளியில் அலச வேண்டுமென்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். விருதுக்காக அல்ல.

'லிலோ' எளிதில் மனசுக்குள் வந்துவிடும். ஹவாயின் கவாய் தீவில் பெற்றோரை இழந்த சிறுமி லிலோ, அவளை வளர்க்கத் திண்டாடும் அக்கா நானி, நாசம் செய்வதற்கென்றே ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்ட ஸ்டிட்ச். 'ஒஹானா' என்றால் குடும்பம், குடும்பத்தில் யாரையும் விட்டுவிட மாட்டோம் என்கிறாள் லிலோ. மாணவர்கள் இந்த வரியை எழுதிவிட்டு அதோடு நின்றுவிடுவார்கள். அதைவிட, அழகற்ற வாத்துக்குஞ்சின் கதைப் புத்தகத்தோடு ஸ்டிட்ச் காட்டுக்குள் தனியாக நிற்கும் காட்சியைப் பற்றி எழுதச் சொல்லலாம். பேச்சு குறைவு, தவிப்பு அதிகம்.

'ஸ்பிரிட்டட் அவே' வேறொன்றைக் கேட்கிறது: ஓர் இடத்தில் ஒட்டிக்கொள்ள எதையெல்லாம் கொடுக்க வேண்டும்? புது ஊருக்குக் குடிபோகும் வழியில் ஆவிகளின் உலகத்தில் சிக்கும் சிஹிரோவின் உடம்பு, கண்ணாடி மாதிரி மறையத் தொடங்குகிறது. அந்த உலகத்து உணவைத் தின்றால்தான் உடம்பு நிலைக்கும். குளியல் விடுதியில் வேலை கிடைத்தால்தான் அங்கே இருக்க முடியும். வேலை தரும் விடுதிக்காரி, சூனியக்காரி யுபாபா அவள் பெயரைப் பிடுங்கிக்கொள்கிறாள். ஜப்பானிய மொழியில் எழுதிய முழுப்பெயரின் நான்கு எழுத்தில் மூன்றைக் கையால் அள்ளிவிட, மிஞ்சிய ஓர் எழுத்தை வைத்து 'சென்' என்று கூப்பிடுகிறார்கள். அவளுக்கு அங்கே உதவும் சிறுவன் ஹாக்கு; தன் பெயரை மறந்த அவனுக்கு வீடு திரும்ப வழி தெரியாது. உண்மையில் அவன் ஒரு நதியின் ஆவி. அந்த நதியைத் தூர்த்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்.

அப்புறம் விடுதிக்குள் வரும் முகமூடி ஆவி, முகமற்றவன். தங்கத்தை வாரி இறைத்து உறவு தேடுகிறான், எல்லோரும் கையேந்துகிறார்கள், அவனோடு யாருமில்லை. இதைப் பார்த்துப் பதின்ம வயதுப் பிள்ளைகள் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

சின்ன வகுப்புகளுக்கு 'லிலோ' போதும். ஒன்பது, பத்தாம் வகுப்பென்றால் மியாசாகிதான். சுரங்கப்பாதையில் நடக்கும் முதல் காட்சியையும் கடைசிக் காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். இரண்டிலும் சிஹிரோ அம்மாவின் கையைப் பிடித்துத் தொங்குகிறாள். கடைசியில் மட்டும், அங்கே நண்பர்கள் நூற்றுக் கொடுத்த முடிக்கயிறு அவள் தலையில் மினுங்குகிறது.