ரத்தத்தில் போதைமருந்து தேடும் எலைசா கிட்: ஆறு மாதம் ஓட்டிப் பார்த்ததில்

எலைசா என்பது ஆன்டிபாடியை (குறிப்பிட்ட மருந்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) வைத்து, மருந்து இருக்கிறதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்லும் முதல்கட்டச் சோதனை. கம்பெனி பெயர் வேண்டாம், இந்த வகை கிட் எல்லாமே ஏறக்குறைய ஒரே ஜாதிதான். 96 குழி பிளேட், வேண்டிய அளவுக்குப் பட்டை பட்டையாக உடைத்துக்கொள்ளலாம், பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரேதப் பரிசோதனையிலிருந்து வரும் ரத்தம் ரத்தமாகவா வருகிறது? தார் மாதிரி கறுத்து, கட்டி கட்டியாக, சில நாள் மூடியைத் திறந்தாலே நாற்றம் ஆளைத் தூக்கும். சிறுநீருக்கென்று செய்த கிட்டில் அதை அப்படியே விட்டால் ரத்தத்தின் நிறமே அளவீட்டைக் கெடுத்துவிடும். இதில் பஃபர் என்ற உப்புக் கரைசலில் கலக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேலே தெளிந்ததை எடுத்து விட்டால் போதும், அப்புறம் குழியைக் கழுவும்போது மிச்ச அழுக்கும் போய்விடுகிறது. புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது நிறத்தில்தான்: மஞ்சள் அடர்த்தியாக இருந்தால் மருந்து இல்லை, வெளிறினால்தான் சந்தேகம். சாம்பிளில் உள்ள மருந்தும் கிட்டோடு வரும் என்சைம் ஒட்டிய மருந்தும் ஒரே ஆன்டிபாடிக்குச் சண்டை போடுகின்றன. நிறத்தைத் தருவது அந்த என்சைம், அதனால் சாம்பிள் ஜெயித்தால் நிறம் குறையும்.

சரி, குறைகள். ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்தைத் தேடும் குழியை அழுகிய ரத்தத்தோடு நம்பவே கூடாது, உடல் அழுகும்போது தானாக உண்டாகும் ஃபினெத்திலமினைக்கூட மருந்து என்று காட்டிவிடும். ஓபியேட் (அபின் வகை மருந்து) குழி மார்ஃபினை வைத்துச் செய்தது. கோடீன் மாட்டும், ஆனால் செயற்கை வலிநிவாரணிகளான டிரமடாலையும் ஃபென்டனிலையும் அது கண்டுகொள்ளாது, அவற்றுக்குத் தனிக் கிட், தனிக் காசு. பெட்டியில் ஓபியேட் என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு எங்கள் ஆள் ஒருவரே டிரமடாலும் இல்லை என்று எழுதப் போனார், நல்லவேளை கையெழுத்துக்கு முன்னால் பார்த்தோம். நம் பக்கம் அடிக்கடி வரும் பூச்சிமருந்து கேஸுக்கு இதில் குழியே கிடையாது.

ஒருநாள் ஏசி நின்று அறை சூடானது, பிளேட் முழுக்க நிறம் ஏறிவிட்டது. கட்-ஆஃப் கலிபிரேட்டரும் (பாசிட்டிவா இல்லையா என்று ஒப்பிட வைக்கும், அளவு தெரிந்த சாம்பிள்) அதே பிளேட்டில் ஓடி அதன் நிறமும் சேர்ந்தே ஏறியதால் பிழைத்தோம்.

பாசிட்டிவ் வந்தால் அதை மட்டும் வைத்து ரிப்போர்ட் எழுத முடியாது, அதே ரத்தத்தில் இன்னொரு பங்கை எடுத்து ஜிசி-எம்எஸ்ஸிலோ எல்சி-எம்எஸ்-எம்எஸ்ஸிலோ (பொருள்களைப் பிரித்து, மூலக்கூறின் எடையை வைத்து இன்னதென்று அடையாளம் காணும் கருவிகள்) உறுதி செய்தே ஆகவேண்டும். அந்தக் கருவி இல்லாத ஆய்வகம் இதை வாங்குவது தண்டச் செலவு. இருக்கிற இடத்தில், முப்பது நாற்பது சாம்பிளில் ஒன்றுமில்லாதவற்றை ஒரே மதியத்தில் ஒதுக்கிவிடலாம், அந்த வேலைக்குத் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை. காலாவதி தேதியைப் பார்த்து வாங்குங்கள், எங்களுக்கு வந்த பெட்டியில் இரண்டு மாதம்தான் மிச்சமிருந்தது.