கார்பன் விலையா, அதிபர் ஆணையா, முதலீடா? அமெரிக்கத் தேர்தலில் எது நிற்கும்?

2024 நவம்பரில் எனக்கு வந்த வாக்குச்சீட்டில் காலநிலைக் கொள்கை இரண்டு இடங்களில் இருந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வரும். மாநிலம் தழுவிய வாக்கெடுப்புகள் முதலில் இருக்கும், அதிபர் வேட்பாளர்கள் அதற்குப் பிறகுதான். 2117 என்ற எண்ணில் ஒரு கேள்வி: கரியமில வாயுவை வெளியேற்றும் நிறுவனங்கள் அதற்குப் பணம் கட்ட வேண்டும் என்ற மாநிலத்தின் கார்பன் விலைச் சட்டத்தை ரத்து செய்யலாமா? 'வேண்டாம்' என்று குறித்தேன். அப்புறம் கமலா ஹாரிஸுக்கு வாக்களித்தேன். அவரைத் தேர்ந்தெடுக்க எனக்கிருந்த முதல் காரணம், 2022-இல் பைடன் கையெழுத்திட்ட பணவீக்கக் குறைப்புச் சட்டமும் அதிலிருந்த சுத்த எரிசக்தி வரிச்சலுகைகளும்.

மாநிலத்தில் கார்பன் விலை பிழைத்துக்கொண்டது. நாட்டில் ஹாரிஸ் தோற்றார், அடுத்த ஆண்டே அந்த வரிச்சலுகைகளில் பெரும்பகுதியை வெட்டினார்கள். அதனால் என்னைத் தெரிந்தவர்கள் கேட்பது இதைத்தான்: "நீ பிடித்த குதிரை தப்பில்லையா? 2028 வேட்பாளர் கார்பன் விலையை வைத்தல்லவா வாக்குக் கேட்க வேண்டும்?" இல்லை என்பதுதான் என் பதில். இன்றும் நான் முதலீட்டின் பக்கம்தான்.

வேட்பாளர் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, கார்பனுக்கு விலை வைப்பது. வரியாகவும் வைக்கலாம், உச்சவரம்பு போட்டு உமிழ்வு உரிமங்களை ஏலம் விட்டும் வைக்கலாம். இரண்டு, அதிபரின் கையெழுத்தை வைத்து ஆணைகளும் விதிமுறைகளும் போடுவது. மூன்று, வரிச்சலுகையும் கடனும் மானியமும் கொடுத்து மின்நிலையங்களையும் தொழிற்சாலைகளையும் எழுப்புவது. எது குறைந்த செலவில் அதிக உமிழ்வைக் குறைக்கும் என்று கேட்டால் பொருளாதார வல்லுநர்களில் பெரும்பாலோர் கார்பன் விலையைத்தான் கைகாட்டுவார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. நான் இந்த மூன்றையும் நிறுத்துப் பார்ப்பது ஒரே அளவுகோலில்: எதிர்க்கட்சி அதிபர் வந்து உட்கார்ந்த பிறகு எது மிஞ்சும்? காற்றில் போன கரியமில வாயு நூற்றாண்டுகள் இருக்கும். நான்கு ஆண்டில் செத்துப்போகும் கொள்கையால் அதற்கு என்ன பயன்?

இந்த அளவுகோலில் முதலில் விழுவது ஆணைதான். மேடையில் சொல்வதற்கு இதைப்போல வசதியானது வேறில்லை. 'பதவியேற்ற முதல் நாளே' என்று தொடங்கினால் போதும், கைதட்டல் கிடைக்கும். 1988-இல் மிச்சிகனில் பேசிய மூத்த புஷ், பசுமை இல்ல விளைவுக்கு எதிராக 'வெள்ளை மாளிகை விளைவை'க் காட்டுவேன் என்றார். 2000 தேர்தலில் அவர் மகன், மின்நிலையங்கள் விடும் கரியமில வாயுவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்தார். 2001 மார்ச்சில் அதைக் கைவிட்டார். மின்நிலையங்களின் கரியமில வாயுவைக் குறைக்க ஒபாமா 2015-இல் கொண்டுவந்த சுத்த மின்சாரத் திட்டத்தை 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அது ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. 2022-இல் மேற்கு வர்ஜீனியா மாநிலம் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அந்த வழியின் பெரும்பகுதியை அடைத்தேவிட்டது.

பாரிஸ் ஒப்பந்தத்தின் கதையும் தெரிந்ததுதான். ஒபாமா சேர்த்தார், டிரம்ப் விலக்கினார், பைடன் 2021 ஜனவரி 20 அன்று திரும்பச் சேர்த்தார், டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று மறுபடி விலகக் கையெழுத்திட்டார். நான்குமே அதிபர் முடிவுகள். ஒரு முறைகூட செனட்டின் ஒப்புதல் வாக்கெடுப்புக்குப் போகவில்லை. ஆணையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கார் புகை வரம்பு போன்றவற்றுக்கு வேறு வழி இல்லை. ஆனால் வேட்பாளர் ஒருவர் தன் காலநிலைத் திட்டம் முழுவதையும் ஆணைகளின் மேல் கட்டினால், நான் அவரை நம்பி வாக்களிக்க மாட்டேன்.

கார்பன் விலைக்கு வருவோம். தேசிய அளவில் அது நிலைக்குமா என்று சோதிக்கக்கூட வழியில்லை, ஏனென்றால் ஒரு முறையும் சட்டமாகவில்லை. கிளின்டன் 1993-இல் எரிபொருளின் வெப்ப அளவை வைத்து ஒரு எரிசக்தி வரி கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் தேறிய அது செனட்டில் செத்தது; கடைசியில் கிடைத்தது கேலனுக்கு 4.3 சென்ட் பெட்ரோல் வரி. 2008-இல் அரிய வாய்ப்பு ஒன்று அமைந்தது. ஒபாமா, மெக்கெய்ன் இரண்டு பேருமே உச்சவரம்பும் உரிம வணிகமும் வேண்டும் என்று சொல்லித்தான் தேர்தலில் நின்றார்கள். யார் ஜெயித்தாலும் சட்டம் வரும் என்று பலர் நம்பினார்கள். 2009 ஜூனில் மசோதா பிரதிநிதிகள் சபையில் 219-212 என்று தேறியது. செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. மறு ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சியின் ஜோ மேன்ச்சின், அந்த மசோதாவைத் துப்பாக்கியால் சுடும் விளம்பரத்தை ஓடவிட்டு செனட்டரானார். சொந்தக் கட்சிக்காரரே இப்படி வாக்குக் கேட்ட பிறகு, எந்த ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளரும் இதைத் தன் பிரசாரத்தின் மையத்தில் வைக்கவில்லை.

ஆனால் எங்கள் மாநிலத்தில் நடந்ததைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது. இங்கே 2016-இல் கார்பன் வரி வாக்கெடுப்பு தோற்றது. வரும் பணத்துக்கு ஈடாக விற்பனை வரியைக் குறைப்பதாகச் சொல்லியும் தோற்றது. 2018-இல் பெயரைக் 'கட்டணம்' என்று மாற்றி, பணத்தைப் பசுமைத் திட்டங்களில் போடுவதாகச் சொன்னார்கள். எண்ணெய் நிறுவனங்கள் 3 கோடி டாலர் அளவுக்குச் செலவழித்து எதிர்த்தன, அதுவும் தோற்றது. பிறகு 2021-இல் சட்டமன்றமே உச்சவரம்புச் சட்டத்தை இயற்றியது, 2023-இல் நடைமுறைக்கு வந்தது. அதை ரத்து செய்யக் கேட்ட 2117-ஐத்தான் 2024-இல் சுமார் 62 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். அதே வாக்குச்சீட்டில் ஹாரிஸுக்குக் கிடைத்தது சுமார் 57 சதவீதம். அதாவது, ஹாரிஸுக்கு வாக்களிக்காதவர்களிலும் ஒரு பகுதியினர் கார்பன் விலையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஏன்? என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். அந்தப் பணம் மக்கள் பார்க்கிற இடத்துக்கு வந்திருந்தது. 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பேருந்து இலவசம். தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன் நடுத்தர, குறைந்த வருமானக் குடும்பங்களின் மின்கட்டணத்தில் 200 டாலர் கழிவு. நேரம் பார்த்துக் கொடுத்தார்கள் என்று எதிர்த்தவர்கள் திட்டினார்கள், ஆனால் பில்லில் கழிவு வந்ததென்னவோ உண்மை. புதிதாக ஒரு விலையைக் கேட்டால் மக்கள் வேண்டாம் என்கிறார்கள்; பலன் கொடுத்து ஓடிக்கொண்டிருக்கும் விலையை நிறுத்தவும் வேண்டாம் என்கிறார்கள். இந்த முடிவை இழுபறி மாநிலங்களான பென்சில்வேனியாவுக்கோ விஸ்கான்சினுக்கோ அப்படியே நீட்ட எனக்குத் துணிவில்லை. ஜனநாயகக் கட்சி எப்போதும் ஜெயிக்கும் ஒரு மாநிலத்தின் ஒரே ஒரு வாக்கெடுப்பு அது. அதே நாளில் அதே வாக்காளர்கள் இயற்கை எரிவாயு இணைப்புகளைப் பாதுகாக்கும் இன்னொரு மனுவை நூலிழையில் நிறைவேற்றவும் செய்தார்கள். மாநிலங்கள் கார்பன் விலையை வளர்க்கட்டும், நான் வாக்களிப்பேன். அதிபர் வேட்பாளர் அதைச் சுமந்துகொண்டு எண்ணெய், நிலக்கரி மாவட்டங்களுக்குள் போனால் ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இப்போது முதலீடு. இதற்கு ஆயுள் குறைவு என்று சொல்பவர்கள் 2022-இலிருந்து கணக்கு வைக்கிறார்கள். நான் 1992-இலிருந்து வைக்கிறேன். அந்த ஆண்டுதான் காற்றாலை மின்சாரத்துக்கான உற்பத்தி வரிச்சலுகை சட்டமானது. கையெழுத்திட்டவர் மூத்த புஷ், முன்னின்று கொண்டுவந்தவர் அயோவாவின் குடியரசுக் கட்சி செனட்டர் சக் கிராஸ்லி. அது பல முறை காலாவதியானது; ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் திரும்ப உயிர் கொடுத்தது. கிளின்டன், இளைய புஷ், ஒபாமா, டிரம்பின் முதல் ஆட்சி எல்லாவற்றையும் கடந்தது. இன்று அயோவாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது. காலநிலை மாற்றம் என்று வாயே திறக்காத விவசாயி, தன் சோள வயலில் நிற்கும் காற்றாலைக்கு ஆண்டுதோறும் குத்தகைப் பணம் வாங்குகிறார். அவருடைய செனட்டர் அதை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார். அமெரிக்கக் காலநிலைக் கொள்கையில் இவ்வளவு ஆட்சி மாற்றங்களைத் தாண்டிய வேறு ஒன்றை எனக்குக் காட்டுங்கள்.

2022 சட்டம் அதே வேலையைப் பெரிதாகச் செய்தது: அன்றைய மதிப்பீட்டில் சுமார் 36,900 கோடி டாலர். செனட்டில் 50-50 என்று நின்றபோது துணை அதிபர் ஹாரிஸ் போட்ட வாக்கால் தேறியது. பன்னிரண்டு ஆண்டுக்கு முன் மசோதாவைச் சுட்ட அதே மேன்ச்சின் இதற்கு வாக்களித்தார் என்பதைக் கவனியுங்கள். விலைக்குச் சம்மதிக்காதவர் முதலீட்டுக்குச் சம்மதித்தார்.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அதை வெட்டியது. அதுவும் செனட்டில் 50-50, துணை அதிபர் வான்ஸின் வாக்கால்தான் தேறியது. எது போனது, எது தப்பியது என்று பிரித்துப் பார்த்தால்தான் பாடம் கிடைக்கும். மின்சார காருக்கான 7,500 டாலர் சலுகை செப்டம்பர் 30-உடன் போனது. வீட்டுக் கூரை சோலாருக்கான 30 சதவீதம் அந்த ஆண்டு முடிவோடு போனது. பெரிய காற்றாலை, சோலார் திட்டங்களுக்குக் கெடு சுருங்கியது. ஆனால் பேட்டரி சேமிப்பு, அணுமின், புவிவெப்ப மின்சாரம் ஆகியவற்றுக்கான சலுகைகளும், பேட்டரித் தொழிற்சாலைகளின் உற்பத்திச் சலுகையும் சில கட்டுப்பாடுகளோடு பெருமளவு தப்பின. காற்றாலை, சோலார் மேல் புதிதாகப் போட நினைத்த ஒரு வரி கடைசி நேரத்தில் கைவிடப்பட்டது. பேரம் பேசியவர்களில் முன்னால் நின்றவர்கள் குடியரசுக் கட்சி செனட்டர்கள் மர்கோவ்ஸ்கியும் கிராஸ்லியும்தான்.

இதன் பொருளை என் வீட்டிலேயே பார்க்கிறேன். நானும் கூரையில் சோலார் போட்டு அந்த 30 சதவீதத்தை வாங்கியவன். அது எனக்கு வந்தது வருமான வரிக்கான படிவம் 5695-இல் ஒரு பதிவாக. வரிக் கணக்கு போடும் மென்பொருள் கேட்டது, எண்ணைத் தட்டினேன், முடிந்தது. இதை எந்தச் சட்டம் கொடுத்தது, யார் வாக்களித்தார்கள் என்று அந்தப் படிவத்தில் எங்கும் தெரியாது. இப்படி வாங்கியவர்கள் நாடெங்கும் இருந்தும், அதைப் பறித்தபோது தெருவுக்கு வந்தவர்கள் குறைவு. தொழிற்சாலை அப்படி இல்லை. ஜார்ஜியாவின் டால்டனிலும் கார்ட்டர்ஸ்வில்லிலும் சோலார் தகடுகளுக்காக க்யூசெல்ஸ் நிறுவனம் 2023 தொடக்கத்தில் 250 கோடி டாலருக்கு மேல் விரிவாக்கம் அறிவித்தது. அந்தக் கட்டடத்தை ஊரே பார்க்கிறது, சம்பளம் வாங்குபவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார், பள்ளிக்கு வரிப்பணம் வருகிறது. 2022 சட்டத்துக்கு ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட விழவில்லை. ஆனால் 2024 ஆகஸ்டில் அக்கட்சியின் 18 பிரதிநிதிகள், சலுகைகளை அவசரப்பட்டு ரத்து செய்ய வேண்டாம் என்று சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார்கள். அவர்களை அசைத்தது தொழிற்சாலைதான்.

இந்த வாதத்தின் பலவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். கடிதம் எழுதியவர்களில் பெரும்பாலோர் கடைசி வாக்கெடுப்பில் கட்சியோடுதான் போனார்கள். மூன்று ஆண்டுகள் என்பது தொழிற்சாலை வேரூன்றப் போதுமான காலமே இல்லை. அடிக்கல்லோடு நின்ற இடங்கள் நிறைய. பிரசாரத்தில் இதை விற்பதும் கடினம். 2012-இல் அதிபர் விவாதம் எதிலும் காலநிலை மாற்றம் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. 2024 செப்டம்பரில் பிலடெல்பியா விவாதத்தில் கடைசிக் கேள்வியாக வந்தது. அதே மேடையில், பாறையை உடைத்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஃபிராக்கிங்கை 2019-இல் தடை செய்ய வேண்டும் என்றிருந்த ஹாரிஸ், தடை செய்ய மாட்டேன் என்று உறுதி சொல்வதற்கே நேரம் செலவிட வேண்டியிருந்தது. தடை கேட்டு ஆரம்பித்ததன் விலை அது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எழுந்த தொழிற்சாலையின் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்டிருந்தால் பென்சில்வேனியா மாறியிருக்குமா? என்னால் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. விலைவாசியும் குடியேற்றமும் அந்தத் தேர்தலை ஆட்டிவைத்தன.

2028-க்கான வேட்பாளர் தேர்வில் நான் பார்க்கப்போவது மூன்று விஷயங்கள். திட்டத்தின் பணத்தில் எவ்வளவு வாங்குபவர் கைக்குப் போகிறது, எவ்வளவு உற்பத்திக்கும் மின்தடங்களுக்கும் போகிறது. இரண்டாவதன் பங்கு பெரிதாக இருக்க வேண்டும். சலுகை முதல் ஆண்டிலேயே வேலையைத் தொடங்கவைக்குமா, இல்லை வரித்துறையின் விதிமுறைக்காக இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டுமா? 2022 சட்டத்தில் இந்தக் காத்திருப்பு நிறைய நாளைத் தின்றது. அப்புறம், வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் சலுகை வரிப் படிவத்தில் ஒளிந்திருக்குமா, இல்லை மாதாமாதம் வரும் மின்கட்டண பில்லில் தனிக் கழிவாகத் தெரியுமா?