மெயின்பிரேம் விளையாட்டை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவர எந்த வழி?

பெரிய கணினி மையங்களின் மெயின்பிரேமில் ஓடிய பழைய விளையாட்டைப் போர்ட் செய்ய, அதாவது வேறு கணினிக்கு மாற்றக் கிளம்பும் எல்லோரும் முதலில் கவலைப்படுவது சோர்ஸ் கோடை, அதாவது நிரல் வரிகளைப் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிய கவலை உரையைப் பற்றித்தான். பிடிபி-10 என்ற மெயின்பிரேமில் ஃபோர்ட்ரான் நிரல் மொழியில் ஓடியது, வீட்டுக் கணினியின் 32 கிலோபைட் நினைவகத்துக்குள் அப்படியே இறங்காது. சோர்ஸ் கோடை எப்படியும் திருப்பி எழுதத்தான் வேண்டும். ஆனால் செங்கல் கட்டடம், பக்கத்தில் ஓடும் ஓடை, பித்தளை விளக்கு என்று வரும் வருணனை வரிகள் எழுத்துப் பிசகாமல் கூடவே வந்துவிடும். ‘நானே எழுதிய கோடு’ என்ற பதில் அந்த வரிகளுக்குச் செல்லாது.

அந்த வரிகள் வரும், எழுத்திலேயே ஆடும் குகை விளையாட்டு ‘அட்வெஞ்சர்’. அதன் விஷயத்தில் கேட்காமல் எடுப்பது, அனுமதி பெற்று எடுப்பது என்ற இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வில் க்ரௌதர் தொடங்கியதை 1977இல் டான் வுட்ஸ் விரிவாக்கினார். அது கணினி மையங்களில் கைமாறிக் கைமாறிப் பரவியதால், பொதுச்சொத்து என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். 1979இல் டிஆர்எஸ்-80 என்ற வீட்டுக் கணினிக்கு மைக்ரோசாஃப்ட் பதிப்பு வந்தது. ஆனால் க்ரௌதரும் வுட்ஸும் ராயல்டி பெற்றது, அவர்கள் ஒப்புதலோடு வந்த சாஃப்ட்வேர் டூல்வொர்க்ஸ் நிறுவனத்தின் பதிப்புக்கு மட்டும்தான். விளையாட்டு ஒன்றுதான், குகையும் ஒன்றுதான். உழைத்தவர்களைக் கேட்டார்களா என்பதில்தான் வித்தியாசம். எனக்கு அந்த வித்தியாசம் பெரிது.

‘அறிவிப்பே இல்லையே, உரிமை போயிருக்குமே’ என்று வாதிடுபவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1978க்கு முன் பதிப்புரிமை அறிவிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமை போனது உண்மை. ஆனால் சில கணினிகளுக்குள் நகல் சுற்றியதை ‘வெளியீடு’ என்று சொல்லலாமா என்பது தனி வழக்கு. அந்த நூலிழையைப் பிடித்துக்கொண்டு விற்பனைக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதே போல எழுத்தில் ஆடும் ‘ஸோர்க்’ விளையாட்டின் கதை வேறு ரகம். அதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எழுதியவர்களில் சிலர் 1979இல் இன்ஃபோகாம் நிறுவனத்தைத் தொடங்கி, விளையாட்டைத் துண்டுபோட்டு, இசட்-மெஷின் என்ற, மென்பொருளாலேயே ஆன கற்பனைக் கணினிக்காகத் திருப்பி எழுதினார்கள். அதன் ஃபோர்ட்ரான் பதிப்பான ‘டஞ்சன்’ வணிகப் பயன்பாட்டுக்குத் தடை என்ற அறிவிப்போடு சுற்றியது. ஆசிரியரே போர்ட் செய்வது எல்லாவற்றிலும் சுத்தமான வழி, ஆனால் அது நம் கையில் இல்லை. பெயரிலும் கண்ணி உண்டு: விளையாட்டுக்கே ‘டஞ்சன்’ என்று பெயர் மாற்றியபோது ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் வணிகச்சின்ன ஆட்சேபம் எழுப்ப, பழைய பெயருக்கே திரும்பினார்கள்.

விதிகளை மட்டும் எடுத்து உரையைச் சொந்தமாக எழுதுவது மூன்றாவது வழி. விளையாட்டின் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதன் வெளிப்பாட்டுக்குத்தான் உண்டு. சட்டப்படி பத்திரம்தான், ஆனால் நாம் காப்பாற்ற நினைத்த அந்தப் பழைய குரல் அதில் இருக்காது. புது விளையாட்டு செய்ய ஆசைப்படுபவருக்கு இதுவே போதும்.

பழையதை அப்படியே வாழவைக்க விரும்புபவருக்கு என் தேர்வு அனுமதிக் கடிதம்தான். வேலை செய்த இடத்தில் எழுதியதானால் உரிமை அந்த நிறுவனத்திடம் இருக்கலாம். அங்கேயும் ஒரு கடிதம் போட வேண்டும். 2017இல் க்ரௌதர், வுட்ஸ் இருவரின் சம்மதத்தோடு நிரலாளர் எரிக் ரேமண்ட், அதிகபட்சம் 430 புள்ளிகள் எடுக்கக்கூடிய அட்வெஞ்சர் பதிப்பை, யாரும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் பிஎஸ்டி லைசென்ஸில் ‘ஓப்பன் அட்வெஞ்சர்’ என்று வெளியிட்டார். இன்று அதை எந்தக் கணினிக்குப் போர்ட் செய்பவரும் கோடோடு வருணனை வரிகளையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். பதிப்புரிமை அறிவிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் கூடவே வைத்தால் போதும்.