சீட் முதலீட்டாளரோடு நான்கு ஆண்டுகள்: எல்லாம் கிடைத்தது, இரண்டாவது செக்கைத் தவிர

எங்கள் நிறுவனத்தில் ஆரம்பத்தில் பணம் போட்ட ஃபண்டிடமிருந்தே (எங்கள் சீட் முதலீட்டாளர்) நண்பர் ஒருவருக்கு இப்போது டேர்ம் ஷீட், அதாவது முதலீட்டு நிபந்தனைகளின் சுருக்கம், வந்திருக்கிறது. "இத்தனை வருடம் அவர்களோடு இருக்கிறீர்கள், கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன். எவ்வளவு பங்கு, என்ன மதிப்பீடு என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. அதற்குள் போகவில்லை. ஃபண்டின் பெயரும் வேண்டாம்.

எங்களுடையது கோவையில் ஒரு சிறிய நிறுவனம். நூற்பாலைகளின் ரிங் ஃப்ரேம்களில் (நூல் நூற்கும் இயந்திரங்களில்) சென்சார் வைத்து, எங்கே இழை அறுகிறது, எந்த ஸ்பிண்டில் (நூலைச் சுற்றும் கதிர்) மெதுவாக ஓடுகிறது என்று மேற்பார்வையாளரின் மொபைலில் காட்டுகிறோம். 2021 தொடக்கத்தில் சீட் பணம் வந்தது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நிறைய இருக்கிறது. ஃபண்டின் சார்பில் எங்கள் இயக்குநர் குழுவில் உட்கார்ந்த பார்ட்னர், பணம் போட்ட கையோடு கோவைக்கு வந்து எங்களோடு மில்களுக்கு ஏறி இறங்கினார். பஞ்சுத் தூசி பறக்கிற ஷெட்டில் நின்று ஷிஃப்ட் மேற்பார்வையாளர்களிடம் பேசினார். திரும்பும் வழியில் காரில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவர்கள் எல்லாரும் மில்லின் அளவை ஸ்பிண்டில் கணக்கில்தான் சொல்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் மில்லுக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறீர்கள்?" அந்த வாரமே ஸ்பிண்டிலுக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று மாற்றினோம். முதலாளியே மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட முடிந்ததால் பேரம் பாதியாகக் குறைந்தது. இன்றுவரை எங்கள் விலைப்பட்டியல் அதுதான்.

விற்பனைத் தலைவரை வேலைக்கு எடுத்தபோதும் அப்படித்தான். விண்ணப்பித்தவர் கொடுத்த ஆட்களிடம் விசாரிப்பது எல்லாரும் செய்வது. பார்ட்னர், அந்த ஆள் முன்பு விற்ற இயந்திரத்தை வாங்கிய மில்காரர்களைத் தேடிப் பிடித்துப் பேசினார். "விற்ற பிறகும் போனை எடுக்கிறார்" என்று அவர்கள் சொன்னதை வைத்துத்தான் முடிவு செய்தோம். அந்த விற்பனைத் தலைவர் இன்றும் எங்களோடு இருக்கிறார். அப்புறம், என் கோ-ஃபவுண்டரும் நானும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த ஒரு காலம் உண்டு. இருவரிடமும் தனித்தனியாகப் பேசி, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கசியவிடாமல், எங்களை ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவரும் அந்த பார்ட்னர்தான். இதற்கெல்லாம் எந்த ஒப்பந்தத்திலும் ஷரத்து கிடையாது.

கிளவுட் கிரெடிட் (கிளவுட் சர்வர்களுக்கான இலவசப் பயன்பாட்டுத் தொகை) ஃபண்ட் வழியாகக் கிடைத்தது. ஃபண்டோடு சேர்ந்து பணம் போட்ட ஏஞ்சல்களின் (சொந்தப் பணத்தைப் போடும் தனிநபர்களின்) தொகைக்கு ஏஞ்சல் வரித் தொல்லை, அதாவது நியாயமான மதிப்புக்கு மேல் பங்குக்கு வாங்கிய பணத்துக்கான வரி, வராமல் இருக்க, மதிப்பீட்டு அறிக்கை, மத்திய அரசின் டிபிஐஐடி துறை தரும் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் ஆகியவற்றை அவர்களுடைய கணக்குப் பிரிவே கூட இருந்து முடித்துக் கொடுத்தது. பங்குச்சந்தை ஒழுங்காணையமான செபியில் பதிவான துணிகர முதலீட்டு ஃபண்டின் பணத்துக்கு அந்த வரி பொருந்தவில்லை, தனி ஏஞ்சல்களின் பணத்துக்குத்தான் அப்போது கவலை. 2024 பட்ஜெட்டில் அந்த வரியையே நீக்கிவிட்டதால் நண்பருக்கு இது தேவைப்படாது. மாதாமாதம் கேட்கிற எம்ஐஎஸ் (கணக்கு, விற்பனை அறிக்கை), சின்ன விஷயத்துக்கும் எழுத்துப்பூர்வ ஒப்புதல், வருடத்துக்கு ஒரு புது அசோசியேட் (ஃபண்டின் இளநிலை ஊழியர்) வந்து ரிங் ஃப்ரேம் என்றால் என்ன என்று முதலிலிருந்து கேட்பது எல்லாம் எங்கும் இருப்பதுதான். பழகிவிடும்.

பழகாதது ஒன்று இருக்கிறது. 2022 மே மாதம் பஞ்சு விலை கண்டிக்கு (சுமார் 356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. மில்கள் ஷிஃப்டைக் குறைத்தன, சில மில்கள் உற்பத்தியை நிறுத்தின. பஞ்சுக்கே பணம் இல்லாதவர்கள் எங்கள் பில்லைக் கடைசியில் வைத்ததில் ஆச்சரியமில்லை. அதே நேரத்தில் அமெரிக்காவில் வட்டி ஏற, ஸ்டார்ட்அப்களுக்கு வரும் பணமும் சுருங்கியது. கையிருப்பு சில மாதங்களுக்குத்தான் இருந்தது. சீட்டில் வந்ததில் கால் பங்கு அளவுக்கு ஒரு பிரிட்ஜ், அதாவது அடுத்த சுற்று வரை தாக்குப்பிடிக்க இடைக்காலப் பணம், ஃபண்டிடம் கேட்டோம்.

பார்ட்னர் அன்போடுதான் பதில் சொன்னார். "வெளியிலிருந்து ஒரு லீட் கொண்டுவாருங்கள். அவர்கள் விலை வைத்தால் எங்கள் ப்ரோ-ராட்டாவை நாங்கள் போடுவோம்." லீட் என்றால் ஒரு சுற்றுக்கு விலை வைத்து முன்னின்று பணம் போடுபவர். ப்ரோ-ராட்டா என்றால் பழைய முதலீட்டாளர் தன் பங்கு விகிதம் குறையாமல் இருக்கப் போடும் பணம். சரி என்று வெளியே போனோம். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "உங்கள் பழைய முதலீட்டாளர் எவ்வளவு போடுகிறார்?" என்பதுதான். லீட் வந்தால் போடுவார் என்றோம். அவர்கள் முகம் மாறும். உள்ளே இருந்து எல்லா எண்ணையும் பார்க்கிறவரே முதலில் போடவில்லை என்றால், நாம் ஏன் போட வேண்டும்? இரண்டு வீட்டாரும் மற்றவர் முதலில் பேசட்டும் என்று உட்கார்ந்திருக்கிற சம்பந்தம்போல ஆகிவிட்டது.

அவர்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். ஒரு ஃபண்டின் ஆயுள் பத்து வருடம் போல. அதில் ஒரு பகுதியை இரண்டாவது, மூன்றாவது சுற்றுக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். முதலீடு செய்த நிறுவனங்களில் ஒன்றிரண்டுதான் மொத்த ஃபண்டையும் திருப்பிக் கொடுக்கும், அதனால் ஒதுக்கி வைத்தது வேகமாக ஏறுகிற நிறுவனங்களுக்கே போகும். உள்ளே இருப்பவர்களே விலை வைத்துத் தங்கள் பணத்தையே போட்டால், அந்த விலையை அவர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் நம்ப மாட்டார்கள் என்ற சிக்கலும் உண்டு. ஒரே நிறுவனத்தில் ஃபண்டின் முதலீட்டுத் தொகையில் 25 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது என்று செபி விதி இருக்கிறது, ஆனால் நாங்கள் கேட்டது அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆக, இது அவர்கள் தேர்வு.

அந்தத் தேர்வைத் தேர்வு என்று சொல்லாததுதான் என் கோபம். "உங்களுக்கு மேற்கொண்டு போடுவதாக இல்லை" என்று முதல் மாதமே சொல்லியிருந்தால் அன்றைக்கே வேறு வழி பார்த்திருப்போம். அதற்குப் பதிலாக ஒவ்வொரு ரிவ்யூவிலும் பாராட்டு, முடிவில் "லீட் எங்கே வரை வந்திருக்கிறது?" என்ற கேள்வி. அவர்களுடைய சப்போர்ட் டீமிலிருந்து பிட்ச் டெக்கை (முதலீட்டாளர்களுக்குக் காட்டும் ஸ்லைடுகளை) திருத்துவது பற்றிய வகுப்புகளுக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் சென்சார் போர்டை வடிவமைத்த மூத்த பொறியாளர் சம்பளம் தள்ளிப்போகிறது என்று கிளம்பிவிட்டார். வீட்டுக்கடன் உள்ள ஒருவரை எத்தனை மாதம் நிறுத்தி வைக்க முடியும்?

எங்களைக் காப்பாற்றியது வாடிக்கையாளர்கள். ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி தள்ளுபடி கேட்டு ஒரு வருடக் கட்டணத்தை முன்பணமாகக் கொடுத்தார். அதைச் சொல்லியே மற்றவர்களிடமும் கேட்டோம். ஸ்பிண்டில் கணக்கில் விலை இருந்ததால் முன்பணத்தை அவரவரே கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த யோசனை பார்ட்னருடையது என்பதை நான் மறுக்கவில்லை. இதை எழுதும்போது என்னை அலைக்கழிப்பதும் அதுதான்.

2024-ல் வெளியிலிருந்து ஒரு லீட் வந்தது. உடனே எங்கள் ஃபண்டும் தன் ப்ரோ-ராட்டாவைப் போட்டது, ஒரு கேள்வியும் இல்லாமல். பணம் அவசியமில்லாத நாளில் அத்தனை சுலபமாக வந்தது.

இந்தப் பேச்சு வந்தால் மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்வொர்க்ஸைக் காட்டுவார்கள். சென்னையில் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 2011-ல் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் முதலில் பணம் போட்டது, அடுத்தடுத்த சுற்றுகளிலும் கூடவே வந்தது, 2021 செப்டம்பரில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்கப் பங்குச்சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. உண்மைதான், பெருமையான விஷயம்தான். ஆனால் ஏறிக்கொண்டிருக்கிற நிறுவனத்தில் மறுபடி போட எந்த முதலீட்டாளரும் தயங்க மாட்டார். நல்ல வாடிக்கையாளர்கள் இருந்தும் ஒரு கெட்ட வருடத்தில் மாட்டிக்கொண்ட நடுத்தரமான நிறுவனத்தை எப்படி நடத்துகிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டும். அது எந்த ஃபண்டின் இணையதளத்திலும் இருக்காது.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வேண்டாம். அந்த பார்ட்னரைப் போல ஒரு ஆலோசகர் எனக்கு இனி கிடைப்பாரா என்று தெரியவில்லை. அடுத்த நிறுவனம் தொடங்கினால் முதல் போன் அவருக்குத்தான். ஆனால் அவருடைய ஃபண்டின் பணத்தை வாங்க மாட்டேன்.

அதையும் மீறி வாங்குவதென்றால், உங்களுக்குப் போடப்போவது ஃபண்டின் எத்தனையாவது வருடப் பணம், அடுத்த சுற்றுக்கென்று உங்கள் பெயரில் ஏதாவது ஒதுக்கியிருக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். அவர்கள் கொடுக்கிற நிறுவனர்கள் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, 2022-லும் 2023-லும் பணம் தீர்ந்துபோன அவர்களுடைய நிறுவனங்களைக் கண்டுபிடித்து அந்த நிறுவனர்களிடம் பேசுங்கள். கையெழுத்துக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். டேர்ம் ஷீட்டில் நோ-ஷாப் ஷரத்து இருக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கெடு முடியும்வரை வேறு முதலீட்டாளரிடம் பேச முடியாது.