ஜிஆர்இ மறுதேர்வு: பவர்பிரெப்பும் ஒரு நோட்டும், நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

பவர்பிரெப் என்ற ஜிஆர்இ மாதிரித் தேர்வுத் தொகுப்பின் இலவசத் தேர்வுகள் இரண்டையும் படிக்கத் தொடங்கிய வாரத்திலேயே எழுதித் தீர்த்துவிடாதீர்கள். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வை மறுபடியும் எழுதப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். தேர்வை நடத்தும் ஈடிஎஸ் நிறுவனமே தருவதால் உண்மைத் தேர்வுக்கு மிக நெருக்கமாக இருப்பவை இவைதான். திரும்ப எழுத முடியும், ஆனால் அதே கேள்விகள் வரும். அப்போது கிடைக்கும் மதிப்பெண்ணில் ஞாபகமும் கலந்துவிடும், அதை நம்ப முடியாது. ஒன்றைத் தொடக்கத்தில் எழுதுங்கள், மற்றதைத் தேர்வுக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு வரை தொடாமல் வைத்திருங்கள்.

எனக்கு ஊர் காட்பாடி. வேலை ராணிப்பேட்டையில், ஒரு தோல் பரிசோதனைக் கூடத்தில். பாலிமர் துறையில் எம்.எஸ். படிக்க வேண்டும் என்பது என் ஆசை. முதல் முறை எழுதியபோது 170க்கு குவான்ட் (கணிதப் பகுதி) 159, வெர்பல் (ஆங்கில மொழிப் பகுதி) 154 வந்தது. குவான்ட் போதாது என்பதால் மறுதேர்வுக்கு இறங்கினேன். படிப்பைவிட என்னை வாட்டியது மாதிரித் தேர்வுகள்தான். ஒரு ஞாயிறு குவான்ட் 166 வரும், அடுத்த முறை 157, அதற்கடுத்து 163. 166 வந்த அன்று எந்தப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று பட்டியல் போடுவேன். 157 வந்த அன்று சாப்பாடு இறங்காது. இதில் எது நிஜமான நான் என்று தெரியாமல் போவதுதான் பதற்றத்தின் வேர். பாடம் தெரியாவிட்டால் உட்கார்ந்து படிக்கலாம். தெரிந்த பாடத்தில் மதிப்பெண் இப்படி ஆடினால் என்ன செய்வது?

இதை எங்கள் லேபில் மூத்தவர் ஒருவரிடம் சொன்னபோது அவர் கேட்டார்: "இன்னாம்மா, ஒரே ஒரு பீஸ இழுத்துப் பாத்துட்டு அந்தத் தோலுக்கு ரிப்போர்ட் போட்ருவியா?" போடமாட்டோம். தோலின் வலுவை இழுத்துப் பார்த்துத்தான் அளப்போம். ஒரே தோலில் முதுகுப் பக்கம் வெட்டிய துண்டு ஒரு எண் காட்டும், வயிற்றுப் பக்கம் வெட்டியது வேறு எண் காட்டும். அதனால் எங்கே வெட்டுவது என்பதற்கு விதி உண்டு. நெடுக்கிலும் குறுக்கிலும் சில துண்டுகளை இழுத்துப் பார்த்து, சராசரியோடுதான் ரிப்போர்ட் எழுதுவோம். தினமும் கையால் செய்கிற வேலை இது. அதை என் மதிப்பெண்ணுக்கும் பொருத்திப் பார்த்த பிறகுதான் மனசு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது.

மதிப்பெண் ஏன் ஆடுகிறது என்பதற்குத் தேர்வின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. 2023 செப்டம்பரில் ஜிஆர்இ சுருங்கியது. இப்போது மொத்தமே 1 மணி 58 நிமிடம், இடைவேளை கிடையாது. குவான்ட்டில் 27 கேள்விகள்தான்: முதல் பகுதியில் 12, அதற்கு 21 நிமிடம். இரண்டாம் பகுதியில் 15, அதற்கு 26 நிமிடம். முதல் பகுதியை எப்படி எழுதுகிறோமோ அதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் மாறும். 130 முதல் 170 வரையிலான அளவுகோலை வெறும் 27 கேள்விகளை வைத்து அளக்கிறார்கள். ஒன்றிரண்டு கவனப்பிசகு முதல் பகுதியில் விழுவதா இரண்டாம் பகுதியில் விழுவதா என்பதே முடிவை நகர்த்தும். குவான்ட், வெர்பல் ஒவ்வொன்றிலும் சுமார் 2 புள்ளி அளவுப் பிழை (அளப்பதிலேயே வரும் ஏற்ற இறக்கம்) உண்டு என்று ஈடிஎஸ்ஸே வெளியிடுகிறது. சில நேரம் அதைவிடக் கூடுதலாகவும் விலகும். ஆக 161க்கும் 164க்கும் நடுவில் நீங்கள் உருகி உருகி யோசிக்க ஒன்றுமே இல்லை. 157க்கும் 166க்கும் நடுவில் யோசிக்க நிறைய இருக்கிறது.

அதை யோசிக்கத்தான் நோட்டு. நான் பயன்படுத்தியவற்றில் காசுக்கு மேல் பலன் தந்தது இந்தச் சாதாரணக் கோடு போட்ட நோட்டுதான். ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்கும் எழுதி வைத்தவை: யாருடைய தேர்வு, எத்தனை மணிக்கு எழுதினேன், முந்தின இரவு தூக்கம் எப்படி, முதல் பகுதியில் எத்தனை சரி, இரண்டாவதில் எத்தனை சரி, எந்தக் கேள்வியில் மாட்டி நின்றேன். மதிப்பெண்ணைக் கடைசியில், சின்னதாக எழுதுவேன்.

சில மாதங்கள் போனதும் பக்கங்களைப் புரட்டினால் கதை தானாகத் தெரிந்தது. முதலில், ஒரு பயிற்சி நிறுவனத்தின் மாக் டெஸ்டில் எனக்கு எப்போதுமே நான்கைந்து புள்ளி குறைவு. பவர்பிரெப்பில் அப்படி இல்லை. வெவ்வேறு கடைத் தராசுகளில் நிறுத்த எடையை ஒரே வரைபடத்தில் போட்டால் கோணலாகத்தான் வரும். அந்த நிறுவனத்தின் கேள்விகள் பயிற்சிக்கு நல்லவை, அதை மறுக்கவில்லை. அதன் மதிப்பெண்ணைப் பார்க்காமலேயே மூடிவிட வேண்டும். அடுத்து, மாதக் கடைசியில் ஏற்றுமதி சரக்குக்கு ரிப்போர்ட் அவசரம் வரும் நாட்களில், இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து எழுதிய தேர்வெல்லாம் கீழே. ஞாயிறு காலையில் எழுதியவை மேலே. இது அறிவின் வித்தியாசம் இல்லை, களைப்பின் வித்தியாசம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. முதல் பகுதியில் ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறேன். விழுவதெல்லாம் இரண்டாம் பகுதியில். அதுவும் ஏதாவது ஒரு கணக்கில் நாலு நிமிடம், ஐந்து நிமிடம் நின்ற பிறகு. கேள்விக்குச் சராசரியாக ஒன்றே முக்கால் நிமிடம்தான் இருக்கிறது. ஒன்றில் ஐந்து நிமிடம் போனால் பின்னால் இருக்கும் இரண்டு சுலபக் கேள்விகள் பட்டினி. அப்போது கை சில்லிடும், கிராஃப் பார்த்துச் சொல்ல வேண்டிய கேள்வியை இரண்டு முறை படித்தாலும் தலையில் ஏறாது. வெளியிலிருந்து பார்த்தால் பதற்றத்தால் மதிப்பெண் போனது போலிருக்கும். நோட்டைப் பார்த்தால் வரிசை தெரியும்: முதலில் ஒரு கணக்கில் நின்றேன், அப்புறம்தான் பதற்றம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரே விதி வைத்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் ஆனதும் ஏதாவது ஒரு விடையைக் குறி, பிறகு பார்க்க அடையாளமிடும் 'மார்க்' பொத்தானை அழுத்து, அடுத்ததற்குப் போ. ஒரு பகுதிக்குள் எல்லாக் கேள்விக்கும் ஒரே மதிப்புதான், தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை. அந்தப் பகுதி முடியும்வரை திரும்பி வந்து விடையை மாற்றலாம். கேட்கச் சுலபம். ஆனால் பாதி தீர்த்த கணக்கை விட்டுப் போக விரல் பழகப் பல வாரம் ஆனது. பழகிய பிறகு ஆட்டம் அடங்கி, பெரும்பாலும் 162க்கும் 166க்கும் நடுவிலேயே நின்றது. இரண்டாம் பகுதி கடினமாக இருக்கிறதே என்று கலங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: முதல் பகுதியை நன்றாக எழுதினால்தான் கடினமான இரண்டாம் பகுதி வரும். அது கெட்ட சகுனம் இல்லை.

பதற்றம் இதோடு முழுவதும் போய்விடவில்லை. தேர்வு நாளின் படபடப்பு வேறு வகை. அதைப் பற்றித் தேடியபோது 2010ல் ஜெரமி ஜேமிசன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவர் குழுவும் ஜிஆர்இ எழுதப் போகிறவர்களை வைத்தே நடத்திய ஓர் ஆய்வு கிடைத்தது. ஒரு பிரிவினரிடம், "பதற்றமாக உணர்ந்தால் கவலைப்படாதீர்கள், அந்தப் படபடப்பு நன்றாக எழுத உதவவும் கூடும்" என்ற பொருளில் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் எழுதிய மாதிரித் தேர்வின் கணிதப் பகுதியில் அவர்கள் மற்றவர்களைவிட மேலே வந்தார்கள். பிறகு எழுதிய உண்மையான ஜிஆர்இயிலும் அப்படியே. உடம்பின் படபடப்பைக் குறைக்காமலே இது நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். அதுவரை இதயம் வேகமாக அடித்தாலே 'போச்சு' என்று நினைப்பேன். இப்போது 'சரி, உடம்பு தயாராகிறது' என்று சொல்லிக்கொள்கிறேன்.

கவலைகளைக் காகிதத்தில் கொட்டுவதும் எனக்குப் பயன்பட்டது. தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களை எழுதிய மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரமிரெஸ், பைலாக் இருவரும் 2011ல் வெளியிட்டார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்விலும் இதே பலன் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்தது, செலவும் இல்லை. மூச்சைப் பொறுத்தவரை, இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் போதும். பகுதிகளுக்கு நடுவில் வரும் அறிவுறுத்தல் திரையில் நான்கைந்து முறை செய்வேன்.

பயன்படாதவையும் உண்டு. இரவில் 'நான் 335 எடுத்தது எப்படி' வகைக் காணொளிகள் ஒன்றுக்குமே உதவவில்லை, தூக்கம்தான் போனது. வாட்ஸ்அப் குழுவில் மாக் மதிப்பெண் பகிர்வதும் அப்படியே. அப்புறம் மாத்திரை. படபடப்புக்குப் புரோப்ரனலால் போட்டுக்கொள் என்று தெரிந்தவர்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, புத்தகத்தைத் திறந்தாலே மூச்சு முட்டுகிறது என்றால் அது தேர்வு உத்தியால் தீராது. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடலாம், இலவசம். நம் வேலூரில் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. மனநலம் உள்ளிட்ட உடல்நலக் காரணங்களுக்குத் தகுந்த சான்று இருந்தால் ஈடிஎஸ் கூடுதல் நேரம் போன்ற சலுகை தருகிறது. ஒப்புதல் வந்த பிறகுதான் தேதி பதிய முடியும், அதனால் முன்கூட்டியே கேளுங்கள்.

பழைய மதிப்பெண் துரத்தும் என்ற பயத்துக்கு ஸ்கோர்செலக்ட் மருந்து. எந்தத் தேதியில் எழுதிய தேர்வை அனுப்புவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம், அனுப்பாத மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போகாது. 21 நாள் இடைவெளி விட்டு, 12 மாதத்துக்குள் 5 முறை வரை எழுதலாம். இது தெரிந்ததும் 'இதோடு எல்லாம் முடிந்தது' என்ற எண்ணம் போனது. வீட்டில் அம்மாவிடம் மட்டும் தேதியைச் சொன்னேன். தெருவுக்கே சொன்னால் பால் வாங்கப் போகும்போதும் 'ரிசல்ட் இன்னா ஆச்சு' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுதேர்வில் குவான்ட் 165, வெர்பல் 155. குவான்ட் உயர்வு அளவுப் பிழையைத் தாண்டியது, அதை உழைப்பின் பலன் என்று தைரியமாகச் சொல்வேன். வெர்பலில் கூடிய ஒரு புள்ளியை முன்னேற்றம் என்று சொல்லமாட்டேன்.

காசு கொடுத்து வாங்கும் பவர்பிரெப் பிளஸ் தேர்வுகளை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இலவசத் தேர்வுகளை ஏற்கெனவே எழுதிப் பழகிவிட்ட மறுதேர்வுக்காரர்களுக்குப் புதுக் கேள்விகளுக்காகவே ஒன்றாவது வாங்குவது நியாயம். விடை விளக்கமும் ஜிஆர்இயின் கட்டுரைப் பகுதிக்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். முதல் முறை எழுதுபவர்களுக்கு அவசரமில்லை.

தேதி பதியும்போது உங்கள் சிறந்த மாக் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். கடைசியாக எழுதிய சிலவற்றில் மிகக் குறைவானது எதுவோ, அது உங்களுக்குப் போதும் என்றால் பதியுங்கள். வீட்டிலிருந்து எழுதுவதா, சென்னை மையமா என்றால் நான் சென்னை என்பேன். வீட்டுத் தேர்வில் அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது, நாமும் எழுந்து போக முடியாது, நடுவில் மின்சாரம் போனால் தலைவலி. காட்பாடியிலிருந்து சென்னைக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் சொச்சம்தான். முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டால் காலைப் பரபரப்பு இல்லை. வீட்டில்தான் எழுத முடியும் என்ற நிலை என்றால் அக்னி நட்சத்திரத்தையும் ஆடி மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஒன்றில் வேலூர் வெயில், மற்றதில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. இரண்டையும் தேர்வுக் கண்காணிப்பாளரால் நிறுத்த முடியாது.